டிராகனுக்கு மனமில்லை என்று தீர்ப்பளித்த நிர்வாகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கோத்தகிரியில் கோடை விடுமுறைதோறும் பள்ளிப் பிள்ளைகளுக்காக, பகடை உருட்டிக் கூட்டாகக் கதை ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசை விளையாட்டுப் போட்டியை நடத்திவரும் நிர்வாகக் குழுவினரின் கவனத்திற்கு:

இந்த ஆண்டுப் போட்டி முடிந்த மறுநாள் அறிவிப்புப் பலகையில் நீங்கள் ஒட்டிய தாளைப் படித்தேன். டிராகன் என்பது அணிகள் வீழ்த்த வேண்டிய ஒரு தடை மட்டுமே, அதற்கு மனமோ உணர்ச்சியோ கிடையாது, ஆகவே அதனோடு பேசி அதை உயிரோடு விட்ட அணிக்குப் பூஜ்ஜியம் வழங்கப்படுகிறது, அடுத்த ஆண்டு முதல் எல்லா மேசைகளுக்கும் இதுவே விதி என்று அதில் இருந்தது. பூஜ்ஜியம் வாங்கிய அணி ஆடிய மேசையில் டன்ஜன் மாஸ்டராக, அதாவது கதையைச் சொல்லி டிராகனுக்கும் குரல் கொடுப்பவராக, உட்கார்ந்திருந்தது நான்தான். நேரில் வந்து விளக்கம் கேட்டபோது, "கற்பனை மிருகத்துக்குப் போய் இவ்வளவு வக்காலத்தா?" என்று உங்களில் ஒருவர் கேட்டார், மற்றவர்கள் பேச்சை மாற்றிவிட்டீர்கள். அந்தக் கேள்விக்கு உரிய பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

மேசையில் நடந்தது உங்கள் தாளில் இல்லை. ஆகவே அதை முதலில் உள்ளபடி பதிவு செய்கிறேன். எல்லா மேசைகளுக்கும் நீங்கள் தந்த கதை ஒன்றே. மலையடிவாரத்து ஊர் ஒன்றைச் செந்நிற டிராகன் ஒன்று அச்சுறுத்துகிறது. ஆண்டுக்கு இத்தனை ஆடு, இத்தனை பொன் என்று ஊராருக்கு அது ஓலை அனுப்புகிறது. தவறினால் எந்த வீட்டை முதலில் எரிப்பேன் என்பதையும் அந்த ஓலையிலேயே சொல்லிவிடுகிறது. மாஸ்டர்களுக்கு மட்டும் தந்த குறிப்பில், ஊராரின் முன்னோர்கள் அதன் முட்டைகளை உடைத்து, ஓடுகளை வெற்றிச் சின்னமாகக் கோயிலில் மாட்டி வைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இவை அனைத்தும் உங்கள் கையெழுத்தில் உள்ளவை. நான் சேர்த்தது ஒன்றுமில்லை.

என் மேசையில் ஐந்து பிள்ளைகள். பிற்பகல் முழுக்கச் சண்டை நடந்து, 256 உயிர்ப்புள்ளிகளோடு (இவை தீர்ந்தால் சாவு) தொடங்கிய டிராகன் 31-க்கு இறங்கியிருந்தது. இறக்கை கிழிந்துவிட்டதால் பறக்க முடியாமல் குகைச் சுவரோரம் சாய்ந்து கிடக்கிறது என்று நான் விவரித்தேன். அடுத்து அடிக்க வேண்டிய பையன் பகடையைக் கையில் குலுக்கிக்கொண்டிருந்தான். அப்போது அரவேணுப் பக்கத்து ஹட்டி (படுகர் ஊர்) ஒன்றிலிருந்து வந்த எட்டாம் வகுப்பு மாணவி, தன் பென்சிலை எடுத்துக் கட்டம் போட்ட தாளின் குறுக்கே, அவனுடைய பொம்மைக்கும் டிராகன் பொம்மைக்கும் நடுவில் வைத்தாள். "இரு. அங்கிள், இதுக்கு நாம பேசறது புரியுமா?" என்று என்னைக் கேட்டாள். டிராகனின் விவரம் உள்ள விதிநூலைத் திருப்பி அவளிடமே காட்டினேன். மொழிகள் என்ற இடத்தில் பொதுமொழி, டிராகன் மொழி என இரண்டு இருந்தன. அவள் டிராகனிடம் கேட்டது ஒரே கேள்வி: "எத்தனையோ ஊர் இருக்க, இந்த ஊரை மட்டும் ஏன் பிடித்துக்கொண்டாய்?"

உங்கள் குறிப்பில் இருந்ததை டிராகனின் வாயால் நான் சொன்னேன். குலுக்கிக்கொண்டிருந்த பையன் பகடையை மேசையில் வைத்துவிட்டான். பிறகு அவர்கள் தங்களுக்குள் வெகுநேரம் வாதாடினார்கள். இத்தனை ஆண்டுகள் ஊரை வாட்டியதற்கு இதை விடலாமா என்று ஒருவன் கேட்டான். உடைத்தவர்கள் செத்துப்போன பிறகு அவர்களுடைய பேரப்பிள்ளைகளிடம் வாங்குவது நியாயமா என்று இன்னொருத்தி டிராகனிடமே கேட்டாள். முடிவில், ஓடுகளை ஊரார் திருப்பித் தர வேண்டும், டிராகன் திறை கேட்பதை நிறுத்தி மலையை விட்டுப் போக வேண்டும் என்று ஓர் ஒப்பந்தத்தை முன்வைத்தார்கள். அதையும் நான் இனாமாகக் கொடுத்துவிடவில்லை. இணங்கவைக்க 20 வேண்டும் என்று கடினமான இலக்கு வைத்தேன். இருபது முகப் பகடையில் 17 விழுந்தது. அந்தப் பெண்ணுடைய கதாபாத்திரத்தின் பேச்சுத் திறனுக்கு 5 சேர்ந்து 22 ஆனது. விதிப்படி அவர்கள் வென்றார்கள். அதற்குப் பிறகு வந்த உங்கள் நடுவர் கேட்டது ஒன்றுதான்: "டிராகன் செத்துதா, இல்லையா?"

பூஜ்ஜியம் என்று தெரிந்ததும் அந்தப் பெண் நடுவரிடம் அழவில்லை, சண்டை போடவில்லை. "மனசே இல்லைன்னா ஓலை எப்படி எழுதுச்சு?" என்று கேட்டாள். குழுவினரே, அந்தக் கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

பதில் விதிநூலிலேயே இருக்கிறது. போட்டிக்கு நாம் பயன்படுத்துவது 2014-இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் மான்ஸ்டர் மேனுவல், அதாவது விளையாட்டில் வரும் உயிர்களின் விவரங்களைத் தரும் நூல். அதில் நம் கதையில் வந்த வளர்ந்த செந்நிற டிராகனுக்கு அறிவுத்திறன் 16, விவேகம் 13, ஆளுமை 21. சராசரி மனிதருக்கு அந்த விளையாட்டு தரும் அளவு எல்லாவற்றிலும் 10. முட்டையிலிருந்து வந்த செந்நிறக் குஞ்சுக்கே அறிவுத்திறன் 12, அதாவது ஊர்ப் பொதுமக்களைவிடக் கூடுதல். மிகவும் மந்தமான இனம் என்று கருதப்படும் வெண்ணிற டிராகன்கூட வளர்ந்த நிலையில் 8 பெறுகிறது. அதே நூல் யானைக்குத் தருவது 3. (நீலகிரியில் யானையோடு வாழ்கிறவர்கள் யாரும் அந்த 3-ஐ ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அது வேறு வழக்கு.) எண்களை விடுங்கள், செந்நிற டிராகனைப் பற்றி அந்நூல் சொல்லும் குணங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கர்வம், பேராசை, தன் புதையலில் உள்ள ஒவ்வொரு பொருளும் எங்கிருந்து வந்தது, என்ன பெறும் என்ற கணக்கு, தன்னைவிடத் தாழ்ந்தவர்கள் என்று பிறரை இகழும் எண்ணம். கர்வம் உணர்ச்சி இல்லையா? பழிவாங்கும் எண்ணம் நினைவும் வலியும் இல்லாமல் எங்கிருந்து வருகிறது? உணர்ச்சியற்றது என்று நீங்கள் அறிவித்த உயிரைப் பற்றி விதிநூல் பேசுவதில் பெரும்பகுதி அதன் உணர்ச்சிகளைப் பற்றியதுதான்.

இது புதிய பதிப்பில் நுழைந்த மென்மை என்று உங்களில் சிலர் சொல்வதையும் கேட்டேன். விளையாட்டை உருவாக்கிய கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் வெளியிட்ட முதல் பதிப்பிலேயே, எதிர்ப்படும் டிராகன் பேசக்கூடியதா, அந்த நேரத்தில் உறங்குகிறதா என்பதற்கு நிறவாரியாக வாய்ப்பு அளவுகள் இருந்தன. கொல்லாமல் அடித்துப் பணியவைப்பதற்கும் விதி இருந்தது. பணிந்த டிராகனை விற்றுவிடலாம் என்றும் அதே பதிப்பு அனுமதித்தது. பேசத் தெரிந்த ஓர் உயிரைச் சந்தையில் விற்பதைப் பற்றி அன்றைக்கு மேசையில் உட்கார்ந்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்று எனக்கு எப்போதும் மனம் உறுத்தும். ஆனால் பேச்சு இருந்தது. இந்த விளையாட்டு பிறந்த நாள் முதல் டிராகன் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. அதன் வாயை அடைத்த முதல் விதியை நம் ஊரில் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்.

பிள்ளைகள் வீட்டில் ஆடும் கணினி விளையாட்டுகளில் டிராகன் வெறும் இலக்குதானே என்றும் உங்கள் தரப்பில் சொல்லப்பட்டது. எல்லாவற்றிலும் அப்படி இல்லை. 2011-இல் வந்த ஸ்கைரிமில் டிராகன் நெருப்பு உமிழ்வது அதன் மொழியில் சொற்களை உச்சரிப்பதுதான். இரண்டு டிராகன்கள் வானத்தில் மோதினால் அவை வாக்குவாதம் செய்கின்றன என்று பொருள். அங்கே பார்த்தர்னாக்ஸ் என்ற முதிய டிராகன், ஒரு காலத்தில் மனிதரை அடிமைப்படுத்திய கொடுங்கோலனின் வலக்கையாக இருந்து, பின்பு மனம் மாறி, மனிதருக்குத் தன் கலையைக் கற்றுக்கொடுத்து, மலையுச்சியில் தன் இயல்போடு போராடியபடி தனித்திருக்கிறது. அதைக் கொல்ல வேண்டும் என்று ஒரு தரப்பு வீரரை நெருக்குகிறது. கொல்லாமல் விட்டுவிடவும் விளையாட்டு இடம் தருகிறது. பழைய குற்றத்துக்காக இன்று கொல்லலாமா என்ற விவாதத்தை அந்த ஒரு டிராகனை வைத்து உலகெங்கும் ஆட்டக்காரர்கள் நடத்தினார்கள். மனமில்லாத பொருளைப் பற்றி யாரும் அப்படி விவாதிப்பதில்லை.

பேசாத டிராகன்களும் உண்டு. அவற்றையும் நேர்மையாக எடுத்துக்கொள்கிறேன். மான்ஸ்டர் ஹன்டர் விளையாட்டுகளில் வரும் இறக்கையுள்ள பெரும் விலங்குகள் ஒரு சொல் பேசுவதில்லை. ஆனால் நன்றாக அடிபட்டதும் அவை நொண்டிக்கொண்டே தங்கள் கூட்டுக்குத் திரும்பி, அங்கே படுத்து உறங்குகின்றன. அந்த நொண்டலைப் பின்தொடர்ந்து போகும்போது தயங்காத பிள்ளையை நான் பார்த்ததில்லை. 2022-இல் வந்த எல்டன் ரிங்கில் கிரேயோல் என்ற மூத்த டிராகன், நகர முடியாத உடலோடு, தன் இனத்துச் சிறிய டிராகன்கள் சூழக் கிடக்கிறது. அது துரத்தி வராது என்று தெரிந்துகொண்ட ஆட்டக்காரர்கள் அருகில் நின்று, உயிர் போகும்வரை வெட்டிக்கொண்டே இருந்து, அதற்குக் கிடைக்கும் பெரும் பரிசைச் சேர்ப்பது ஊரறிந்த வழி. அது இறந்தால் சூழ்ந்திருக்கும் சிறியவையும் மடிகின்றன. என் மேசைக்கு வரும் பையன் ஒருவன் அதைச் செய்துவிட்டு வந்து, "பரிசு கிடைச்சது, ஆனா ஒரு மாதிரி இருந்துச்சு" என்றான். அந்த 'ஒரு மாதிரி'யை அவனிடமிருந்து எடுத்துவிடுவதுதான் நீங்கள் ஒட்டிய தாளின் வேலை.

இனி, "எல்லாமே கற்பனை, தாளுக்கு வலிக்குமா?" என்ற உங்கள் முதன்மையான வாதத்துக்கு வருகிறேன். தாளுக்கு வலிக்காது. பொம்மைக்கும் வலிக்காது. இதில் உங்களுக்கும் எனக்கும் வேறுபாடே இல்லை. ஆனால் பாண்டியன் அவையில் கண்ணகி சிலம்பை உடைக்கும்போது, ஏட்டுக்குச் சினம் வருமா என்று நாம் கேட்பதில்லை. கதைக்குள் அவள் சினம் உண்மை. அதை ஏற்காதவருக்குக் கதையே நடக்கவில்லை. டிராகனின் நெருப்பும் கற்பனைதான், ஆனாலும் அது சுட்டால் பிள்ளைகளின் உயிர்ப்புள்ளிகளை நீங்கள் கழிக்கிறீர்கள். நெருப்பைக் கதைக்குள் உண்மை என்று எண்ணிக் கணக்கெழுதிவிட்டு, அதே உயிரின் மனத்தை மட்டும் கதைக்கு வெளியே நிறுத்திப் பொய் என்று தள்ளுவது எந்த விதியில் சேரும்?

மேசை விளையாட்டில் இன்னொன்றும் இருக்கிறது. கணினியில் டிராகன் பேசும் வரிகள் முன்பே எழுதிப் பதிவு செய்யப்பட்டவை. மேசையில் அப்படி இல்லை. அந்தப் பெண்ணின் கேள்வியைக் காதில் வாங்கியது நான். முட்டை உடைந்த ஒரு தாயின் இடத்தில் இருந்து பதில் தேடியதும் நான்தான். அந்த நேரத்தில் டிராகனுக்காக ஒரு மனம் மெய்யாகவே யோசித்துக்கொண்டிருந்தது, தயங்கியது, 22 விழுந்தபோது இளகியது. அது இரவல் மனம் என்று சொல்லுங்கள், ஏற்கிறேன். இல்லாத மனம் என்று சொல்லாதீர்கள். மாஸ்டர்களாகிய எங்களை எதற்காக மேசைக்கு ஒருவராக உட்காரவைக்கிறீர்கள்? பகடையைக் கூட்டிச் சொல்ல மட்டும் என்றால் ஒரு கைபேசி போதும்.

உங்கள் விதி தன்னைத்தானே முறித்துக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. இம்மடலில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அதுதான். உங்கள் கதையில் டிராகன் 'தீயது'. அதனால்தான் அதைக் கொல்வது வீரம் என்று புள்ளி தருகிறீர்கள். அதற்கு மனமே இல்லை என்றால் அது தீயதாக இருக்க முடியாது. வெள்ளமும் நிலச்சரிவும் ஊரை அழிக்கின்றன, அவற்றை யாரும் தீயவை என்று தண்டிப்பதில்லை. மனம் உண்டு, தெரிந்தே தீங்கு செய்தது என்றால், அதனிடம் காரணம் கேட்கவும் ஒப்பந்தம் பேசவும் முயன்ற பிள்ளைகள் செய்தது தவறாக முடியாது. நடுவில் ஒரு வழி பாக்கி இருக்கிறது: அது விலங்கு, மனம் சிறிது, பேச்சு இல்லை என்பது. அப்படி வைத்தாலும் அதற்கு வலியும் அச்சமும் உண்டு, குற்றம் இல்லை. அப்போதும் கொன்றால் மட்டுமே புள்ளி என்பது நிற்காது. பழி சுமத்தும்போது அதற்கு மனத்தைக் கொடுத்து, அது வாய் திறக்கும்போது அந்த மனத்தைப் பிடுங்கிக்கொள்வதை மட்டும் செய்யக்கூடாது. ஓலை அனுப்பும் வரை மனம் உண்டு, உயிர்ப்புள்ளி 31-க்கு வந்தவுடன் இல்லை என்று நீங்கள் செய்திருப்பது அதுதான்.

மனிதர் அல்லாத உயிருக்கு மனம் உண்டா என்ற கேள்வி நமக்கு அன்னியமானதும் அன்று. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்கி, ஆறாவதை மனம் என்று சொல்கிறது. மக்களை ஆறறிவுயிர் என்று சொன்ன கையோடு "பிறவும் உளவே அக்கிளைப் பிறப்பே" என்று அந்நூல் கதவைத் திறந்தே வைக்கிறது. "ஒருசார் விலங்கும் உளவென மொழிப", அதாவது விலங்குகளிலும் ஒரு பகுதி அப்படி உண்டு, என்றும் சொல்கிறது. அமெரிக்கத் தத்துவ அறிஞர் தாமஸ் நேகல், வவ்வாலாக இருப்பது வவ்வாலுக்கு எப்படி இருக்கும் என்று கேட்ட புகழ்பெற்ற கட்டுரை, இந்த விளையாட்டு பிறந்த அதே 1974-இல்தான் வெளிவந்தது. 2024 ஏப்ரலில் நியூயார்க்கில் அறிவியலாளர்களும் தத்துவவாதிகளும் வெளியிட்ட அறிக்கை, ஊர்வன உட்பட முதுகெலும்புள்ள எல்லா உயிர்களுக்கும் உணர்வனுபவம் இருப்பதற்கான மெய்யான வாய்ப்பு உண்டு என்று கூறியது. பல்லிக்கும் ஆமைக்கும் அந்த வாய்ப்பை அறிவியல் தரும் காலத்தில், இரண்டு மொழி பேசும் டிராகனுக்கு அதை மறுக்கும் விதியைப் பிள்ளைகளிடம் நீட்டுகிறோம்.

அதிலும் எந்தப் பிள்ளைகளிடம்? தேயிலைத் தோட்டத்து வழியில் காட்டெருமை நின்றால் ஓடாமல் நின்று, அது தலையைத் தாழ்த்துகிறதா, காதை அசைக்கிறதா, கன்று பின்னால் இருக்கிறதா என்று பார்த்து, வழிவிட்டுப் பின்வாங்கத் தெரிந்த பிள்ளைகள். கோயில் விளக்குக்கு ஊற்றும் எண்ணெய்க்காகக் கரடி கதவை உடைத்துவிட்டுப் போன மறுநாள், அதற்குப் பசியா, குட்டி இருக்கிறதா என்று பேசிக்கொள்ளும் ஊர்களில் வளர்கிறவர்கள். எதிரில் நிற்பது என்ன நினைக்கிறது என்று கேட்பது இவர்களுக்கு விளையாட்டில் கற்ற பாடம் அன்று, உயிரோடு வீடு திரும்பும் வழி. 2021-இல் கூடலூர், மசினகுடிப் பகுதிகளில் நான்கு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட டி23 புலியைச் சுட உத்தரவு வந்தபோது, உடனடியாகக் கொன்றுவிட வேண்டாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் அறிவுறுத்தியதும், அக்டோபரில் அது உயிரோடு பிடிபட்டு மைசூருக்குக் கொண்டுசெல்லப்பட்டதும் இவர்களுக்கு நினைவிருக்கிறது. இறந்தவர்களின் குடும்பங்களுக்கு இருந்த கோபமும் அச்சமும் நியாயமானவை. அவற்றோடு, கொல்லத்தான் வேண்டுமா என்ற கேள்வியும் கேட்கப்பட்டது. என் மேசையில் நடந்த வாதம் அதே வாதம்தான்.

டிராகனுக்கு மனம் உண்டு என்றால் எல்லா அணிகளும் சண்டையைத் தவிர்த்துப் பேசியே தப்பித்துக்கொள்ளும் என்பது உங்கள் அச்சமாக இருந்தால், அது நடக்காது. அறிவுத்திறன் 16 உள்ள உயிர் பொய் சொல்லும், நேரம் கடத்தும், ஒப்பந்தத்தை முறிக்கும். பேச்சிலும் பகடை உண்டு, தோற்றால் நெருப்பு உண்டு. மனம் உண்டு என்று ஏற்பது அதை மன்னிப்பதாகாது. கேட்டு முடித்த பிறகும், ஊரைக் காக்க வேறு வழியில்லை என்று ஓர் அணி வாளெடுத்தால் அதற்கும் முழுப் புள்ளி தர வேண்டும் என்றே நானும் சொல்வேன்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை. அறிவிப்புப் பலகையில் உள்ள தாளை நீக்கி, டிராகனுக்கு மனமில்லை என்ற விதியைத் திரும்பப் பெறுங்கள். ஊருக்கு வந்த ஆபத்து நீங்கியதா என்பதை அளவாக வைத்து, என் மேசையின் ஐந்து பிள்ளைகளுக்கும் மற்ற அணிகளுக்குத் தந்த அதே முறையில் புள்ளி கணக்கிட்டு முடிவுப் பட்டியலைத் திருத்துங்கள். அடுத்த ஆண்டுக் கதையில் வரும் ஒவ்வொரு பெரிய உயிரைப் பற்றியும், அது என்ன மொழி பேசும், எதை விரும்புகிறது, எதற்கு அஞ்சுகிறது என்று மாஸ்டர்களுக்கான குறிப்பில் எழுதுங்கள். யோசிக்காமல் வெட்டித் தள்ள ஒன்று தேவைப்பட்டால், அதே மான்ஸ்டர் மேனுவலில் அறிவுத்திறன் 1 மட்டுமே உள்ள, மொழி எதுவும் இல்லாத ஜெலட்டினஸ் க்யூப் (கூழ்போன்ற கனசதுர உயிர்) போன்றவை இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்துங்கள். எல்லா மேசைகளின் மாஸ்டர்களையும் பள்ளி திறப்பதற்கு முன் ஒருமுறை கூட்டிப் புள்ளி முறையைப் பற்றி எங்கள் கருத்தைக் கேளுங்கள். ஓலையைப் பற்றி அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு உங்கள் பதிலை எழுத்தில், அதே அறிவிப்புப் பலகையில், அவள் படிக்கும்படி ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
போட்டியின் டன்ஜன் மாஸ்டர்களில் ஒருவர்,
கோத்தகிரி